சாஞ்சியும் விதிஷாவும்: உபயம் எழுதி வைத்தவர்களின் ஊர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் 200 ரூபாய் நோட்டு இருந்தால் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒரு பெரிய மேடும், முன்னால் ஒரு தோரணவாயிலும் தெரியும். அதுதான் சாஞ்சி. போபாலிலிருந்து வடகிழக்கே 46 கிலோமீட்டர். சாஞ்சியிலிருந்து இன்னும் சுமார் 10 கிலோமீட்டர் போனால் விதிஷா. பழைய பாலி நூல்கள் ‘வேதிசா’ என்று சொல்லும் வணிக நகரம்.

குன்றின்மேல் பௌத்தத்தின் மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று. கீழே ஆற்றங்கரையில் வாசுதேவ வழிபாட்டின் மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே அரை நாள் நடைதான். ஆரம்பகால இந்து மதம், பௌத்தம் என்று பேச்சு எடுத்தாலே நூல்களில் இருக்கும் தத்துவத்துக்குப் போய்விடுகிறோம். இந்தப் பக்கத்தில் கல்லில் இருக்கும் மனிதர்களைப் பற்றிப் பேசலாம்.

ஸ்தூபி என்பது கோவிலா? உள்ளே போய்க் கும்பிட முடியுமா?

முடியாது. அதற்கு உள்ளே என்று ஒன்றே இல்லை. முழுக்கக் கெட்டியான மேடு. நடுவில் புத்தருடைய அல்லது ஒரு பெரிய குருவினுடைய எலும்புத் துணுக்கு, சாம்பல் போன்றவற்றை ஒரு பேழையில் வைத்து, சுற்றிலும் மூடிக் கட்டிவிடுவார்கள். வழிபாடு என்பது வலம் வருவது, பூ வைப்பது, விளக்கு ஏற்றுவது.

சாஞ்சியின் பெரிய ஸ்தூபி 36.6 மீட்டர் விட்டம், ஏறக்குறைய 16.5 மீட்டர் உயரம். ஆனால் இது ஒரே காலத்தில் எழுந்ததில்லை. அசோகர் காலத்தில், கி.மு. 3-ஆம் நூற்றாண்டில், செங்கல்லால் கட்டியது இதில் பாதி அளவுதான். அடுத்த நூற்றாண்டில் அதன்மேல் கல் உறை போட்டுப் பெரிதாக்கினார்கள், சுற்றிலும் கல்வேலி வைத்தார்கள். நான்கு தோரணவாயில்களும் கி.மு. 1-ஆம் நூற்றாண்டில் வந்தவை. அந்த வேலியை உற்றுப் பார்த்தால் ஒரு வேடிக்கை புரியும்: கல்லைத் தச்சுவேலை மாதிரி செதுக்கி, துளையில் குறுக்குச்சட்டத்தைச் செருகியிருக்கிறார்கள். மரத்தில் பழகிய கை கல்லுக்கு மாறிய புதிது.

இதையெல்லாம் கட்டப் பணம் கொடுத்தது யார்? அசோகர்தானே?

முதல் செங்கல் மேட்டுக்கு அவர் என்று சொல்லலாம். அதற்குப் பிறகு நடந்த பெரிய வேலைக்கு ராஜா காசு கொஞ்சம், ஊர்க்காசு அதிகம்.

நம் கோவில்களில் டியூப் லைட்டில் ‘உபயம்’ என்று பெரிதாக எழுதி வெளிச்சத்தையே மறைத்திருப்பார்கள் இல்லையா, அந்தப் பழக்கத்துக்கு இரண்டாயிரம் ஆண்டு வயது. பெரிய ஸ்தூபியில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட சிறு கல்வெட்டுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஒரே வரி: இன்ன ஊர் இன்னாருடைய தானம். ஒருவர் ஒரு குறுக்குச்சட்டம், இன்னொருவர் ஒரு தூண், வேறொருவர் தரையில் பாவிய ஒரு பலகைக்கல். இப்படித் துண்டு துண்டாகச் சேர்ந்ததுதான் நாம் பார்க்கும் முழுக் கட்டடம்.

கொடுத்தவர்களில் ‘சேட்டி’ என்ற பெருவணிகர்கள் இருக்கிறார்கள், ‘கஹபதி’ என்ற வசதியான குடும்பத் தலைவர்கள் இருக்கிறார்கள், வணிகர், எழுத்தர், நெசவாளர், போர்வை விற்பவர், குதிரைவீரர் எல்லாரும் இருக்கிறார்கள். அரசாங்க எழுத்தர் ஒருவரும் உண்டு. ஒரு கிராமம் முழுக்கச் சேர்ந்து கொடுத்திருக்கிறது. ‘கோட்டி’ என்று தங்களைச் சொல்லிக்கொண்ட குழுக்கள் கொடுத்திருக்கின்றன. விதிஷாக்காரர்கள் மட்டுமில்லை. உஜ்ஜயினியிலிருந்து நிறையப் பேர், நர்மதைக் கரை மாஹிஷ்மதியிலிருந்து சிலர், தொலைவில் இருக்கும் புஷ்கரத்திலிருந்தும் சிலர். இந்த ஊர்ப்பெயர்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் அன்றைய வண்டிப்பாதை தெரிகிறது. வடக்கே கங்கைச் சமவெளிக்கும் மேற்கே கடற்கரைத் துறைமுகங்களுக்கும் இடையில் சரக்கு போன வழி அது. பிக்குகள் போன வழியும் அதுவே.

எனக்கு மிகவும் பிடித்தவை தெற்கு வாயிலில் இருக்கும் இரண்டு. ஒன்று, சாதகர்ணி மன்னனுடைய கைவினைஞர்களின் தலைவன், வாசிட்டியின் மகன் ஆனந்தன், மேல் விட்டத்தைத் தானமாகத் தந்தது. மன்னன் பெயர் கல்லில் வருகிறது, ஆனால் தானம் அவனுடைய வேலைக்காரனுடையது. இன்னொன்று, விதிஷாவின் தந்தவேலைக்காரர்கள் இந்தச் சிற்பவேலையைச் செய்தார்கள் என்கிறது. யானைத்தந்தத்தில் சீப்பும் கண்ணாடிக் கைப்பிடியும் செதுக்கிய ஆட்கள். தோரணத்தில் உள்ளங்கை அளவு இடத்தில் ஊர், மரம், யானை, கூட்டம் என்று அடைத்திருப்பதைப் பார்த்தால், இது கல்தச்சன் கை இல்லையே என்று சந்தேகம் வரும். வர வேண்டியதுதான்.

அந்த எழுத்தை முதலில் யார் படித்தார்கள்?

ஜேம்ஸ் பிரின்செப், 1837-இல். கல்கத்தா நாணயச்சாலையில் உலோகத் தரம் பார்க்கும் அதிகாரி. சாஞ்சியிலிருந்து வந்த கல்வெட்டு நகல்களைப் பரப்பி வைத்துப் பார்த்தபோது, தனித்தனி வரிகள் பெரும்பாலும் ஒரே இரண்டு எழுத்தில் முடிவதைக் கவனித்தார். கோவிலிலும் வேலியிலும் ஆளாளுக்கு ஒரு வரி எழுதியிருந்தால் அது கொடையாகத்தானே இருக்கும் என்று ஊகித்து, அதைத் ‘தானம்’ என்று வாசித்தார். அதற்கு முன்னால் வரும் எழுத்து ‘ஸ’, அதாவது நம் ‘உடைய’. அந்தத் திறவுகோலை வைத்து அசோகரின் தூண்களும் பாறைகளும் படிக்கப்பட்டன. ஒரு பேரரசனின் குரல் இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகு கேட்கக் காரணம், பெயர் வெட்டிக்கொண்ட சில்லறைக் கொடையாளிகள்.

பெண்கள் கொடுத்திருக்கிறார்களா?

நிறைய. தாய், மனைவி, மருமகள் என்று உறவு சொல்லியும் கொடுத்திருக்கிறார்கள், உறவே சொல்லாமல் தன் பெயரும் ஊரும் மட்டும் சொல்லியும் கொடுத்திருக்கிறார்கள். துறவியரில் பிக்குகளும் பிக்குணிகளும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் வருகிறார்கள், இரு பக்கமும் நூற்றுக்கு மேல். அவிசினா என்று ஒரு பெண்ணின் பெயரோடு, சுத்தங்களை, அதாவது புத்தரின் உபதேச நூல்களை, கற்றுத் தேர்ந்தவள் என்ற பட்டமும் இருக்கிறது. எழுத்தில் இல்லாமல் வாய்மொழியாகவே நூல்கள் காக்கப்பட்ட காலத்தில் அந்தப் பட்டம் சாதாரணமில்லை.

இதை வைத்து, அன்று பெண்களுக்கு முழுச் சமத்துவம் இருந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். துறவிகளுக்கான விதிநூலான விநயத்தில், நூறு ஆண்டு மூத்த பிக்குணியும் அன்று துறவேற்ற பிக்குவை எழுந்து வணங்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. இரண்டும் ஒரே உலகத்தில்தான் இருந்தன. விதி ஒரு பக்கம், தன் பெயரைக் கல்லில் வெட்டச் சொல்லி ஆள் வைத்த பெண் ஒரு பக்கம்.

துறவிக்கு ஏது பணம்?

நல்ல கேள்வி. விநயப்படி பிக்கு பொன்னையும் வெள்ளியையும் தொடக் கூடாது. ஆனால் சாஞ்சியில் கொடுத்தவர்களில் பெரிய பங்கு பிக்குகளும் பிக்குணிகளும்தான். உறவினர் சார்பில் கொடுத்திருக்கலாம், ஊர் ஊராகப் போய்த் திரட்டியிருக்கலாம், சொந்தச் சொத்தே வைத்திருந்திருக்கலாம். எப்படியானாலும், காட்டில் தனியாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் துறவி என்ற படம் இங்கே பொருந்தவில்லை. சாஞ்சியைச் சுற்றியுள்ள குன்றுகளில் சோனாரி, சத்தாரா, அந்தேர் என்று மேலும் பல ஸ்தூபிக் கூட்டங்கள் இருக்கின்றன. அவற்றின் அடிவாரப் பள்ளத்தாக்குகளில் பழைய அணைகளின் கரைகளும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. மடம் மேலே, ஏரியும் வயலும் கீழே. பிச்சைப் பாத்திரத்தில் சோறு விழ வேண்டுமென்றால் வயல் விளைய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

புத்தர் சாதியை ஒழித்தாரா? சாஞ்சி என்ன சொல்கிறது?

ஒழித்தார் என்பது பிற்கால ஆசை. பிறப்பால் ஒருவன் உயர்ந்தவனாவதில்லை என்று அவர் வாதிட்டார், சங்கத்துக்குள் வர்ண வரிசையை ஏற்கவில்லை. சாக்கிய இளவரசர்கள் துறவேற்க வந்தபோது, தங்கள் நாவிதர் உபாலிக்கு முதலில் துறவு கொடுக்கச் சொல்லி, அவருக்கு இளையவர்களாகத் தாங்கள் பின்னால் நின்றார்கள் என்று விநயம் சொல்கிறது. அழகான கதை. ஆனால் அதே விநயம் அடிமை, கடனாளி, அரசனின் படையாள் ஆகியோருக்குத் துறவு தரக் கூடாது என்றும் சொல்கிறது. எஜமானும் கடன் கொடுத்தவனும் ராஜாவும் சண்டைக்கு வருவார்களே! வெளிச் சமுதாயத்தைச் சங்கம் கலைத்துப் போடவில்லை, அதோடு ஒத்துப்போனது.

சாஞ்சிக் கல்வெட்டுகளில் கவனிக்க வேண்டியது, கொடையாளிகள் தங்கள் வர்ணத்தைச் சொல்லிக்கொள்வது அபூர்வம் என்பது. ஊர், தொழில், உறவு, குரு, இவ்வளவுதான் அடையாளம். தர்மநூல்கள் வரைந்த நான்கு கட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வேலியை வாசித்தால் ஒன்றும் பிடிபடாது.

சிற்பத்தில் புத்தரையே காணோமே?

ஆமாம், வாயில்கள் முழுக்க அவர் கதைதான், ஆனால் அவர் உருவம் இல்லை. போதிமரம் இருந்தால் ஞானம் பெற்றது. சக்கரம் இருந்தால் முதல் உபதேசம். காலி ஆசனம், பாதச்சுவடு, குடை, இவற்றால் அவர் இருப்பதைச் சொல்லிவிடுகிறார்கள்.

கிழக்கு வாயிலின் நடு விட்டத்தில் சித்தார்த்தர் வீட்டைவிட்டுப் போகும் காட்சி. நகரத்திலிருந்து ஒரு குதிரை வெளியே வருகிறது. முதுகில் ஆள் இல்லை, மேலே குடை மட்டும். அதே குதிரை மறுபடி மறுபடி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளி. கடைசியில் குடை ஒரு பெரிய பாதச்சுவட்டின்மேல் நிற்கிறது. அப்புறம் அந்தக் குதிரை திரும்பி வருகிறது, குடையில்லாமல். போனவர் போய்விட்டார் என்பதை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது?

ஏன் இப்படி என்பதில் இரண்டு கட்சி. பிறவியைக் கடந்தவருக்கு உருவம் கொடுக்கக் கூடாது என்று நினைத்தார்கள் என்பது பழைய விளக்கம். இவற்றில் பல, புத்தர் வாழ்க்கைக் காட்சிகளே இல்லை, பிற்காலப் பக்தர்கள் போதிமரத்தையும் ஆசனத்தையும் வணங்கும் காட்சிகள் என்பது மற்றது. குதிரைக் காட்சியைப் பார்க்கும்போது முதல் விளக்கமும், மரத்தைச் சுற்றிக் கூட்டம் நிற்கும் பலகைகளைப் பார்க்கும்போது இரண்டாவதும் சரியாகப் படுகிறது. மதுராவிலும் காந்தாரத்திலும் புத்தர் சிலைகள் பரவலானது கி.பி. முதல் நூற்றாண்டுகளில். சாஞ்சியின் நான்கு வாயில்களுக்கும் நேராக உட்கார்ந்த புத்தர் சிலைகள் வந்தது கி.பி. 5-ஆம் நூற்றாண்டில்தான்.

இரண்டு யானை நீர் ஊற்ற, தாமரையில் ஒரு பெண். அது லட்சுமிதானே? பௌத்த வாயிலில் அவளுக்கு என்ன வேலை?

நம் கண்ணுக்கு அது சந்தேகமில்லாமல் கஜலட்சுமி. தீபாவளிக்குக் கடைக்காரர் கொடுக்கும் காலண்டரில் இருக்கும் அதே அமைப்பு. இது புத்தரின் பிறப்பைக் குறிக்கிறது, அந்தப் பெண் மாயாதேவி என்று வாதிட்ட அறிஞர்களும் உண்டு. என்னைக் கேட்டால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் நமக்குத்தான், செதுக்கியவனுக்கு இருந்திருக்காது. ஸ்ரீ என்ற வளத்தின் தேவி எல்லாருக்கும் பொது. வணிகன் காசில் எழுந்த வாயிலில் அவள் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அவள் மட்டுமா? வாயில்களில் மாங்கிளையைப் பிடித்துத் தொங்கும் யட்சிகள், வாயில் காக்கும் யட்சர்கள், ஐந்து தலை நாகர்கள், கைகூப்பும் இந்திரன், தேவலோக அடுக்குகள் எல்லாம் உண்டு. கொடையாளிகளின் பெயர்களிலும் நாகம், யட்சன், அக்கினி, விஷ்ணு எல்லாம் எட்டிப் பார்க்கின்றன. அப்பா அம்மா நாகனுக்கு நேர்ந்து பெயர் வைத்திருப்பார்கள், பிள்ளை வளர்ந்து ஸ்தூபிக்குத் தூண் கொடுத்திருப்பான். பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

சரி, விதிஷாவில் அப்போது இந்துக் கோவில் இருந்ததா?

இருந்தது. அதற்கு ஆதாரம் வந்த விதம்தான் சுவாரசியம்.

விதிஷாவை ஒட்டிய பேஸ்நகரில் ஒரு கல்தூண் நிற்கிறது. ஊர்மக்கள் அதைக் ‘காம் பாபா’, தூண் சாமி, என்று கும்பிட்டு, தலைமுறை தலைமுறையாகச் செந்தூரம் பூசி வந்தார்கள். 1877-இல் அங்கே வந்த தொல்லியலாளர் கன்னிங்ஹாம் தூணின் வடிவத்தைப் பார்த்துப் பழையது என்று உணர்ந்தார், ஆனால் செந்தூரப் பூச்சுக்கு அடியில் எழுத்து இருந்ததைப் பார்க்க முடியவில்லை. 1909-இல் பூச்சைச் சுரண்டியபோது பிராமி எழுத்து வெளிப்பட்டது.

எழுதியிருந்தது இது: தேவர்களுக்குத் தேவனான வாசுதேவனுடைய இந்தக் கருடத் தூணை, தியனின் மகன், தட்சசீலத்தைச் சேர்ந்த பாகவதன் ஹெலியோதோரன் நிறுவினான். இவன் அந்தியல்கிதன் என்ற கிரேக்க அரசனிடமிருந்து, பாகபத்திரன் என்ற உள்ளூர் அரசனின் 14-ஆம் ஆட்சியாண்டில் வந்த தூதன். காலம் கி.மு. 110-ஐ ஒட்டியது. ஒரு யவனன் தன்னைப் பாகவதன், அதாவது வாசுதேவ பக்தன், என்று சொல்லிக்கொள்கிறான்! பிறப்பு கேட்டு உள்ளே விடும் மதம் என்று நாம் பழகிய படத்தில் இவனை எங்கே உட்கார வைப்பது?

இந்த வழிபாட்டில் வேதகால வேள்வியிலிருந்து ஒரு பெரிய மாற்றம் தெரிகிறது. வேள்விக்கு நிரந்தரக் கட்டடம் தேவையில்லை. மேடை கட்டி, தீ வளர்த்து, முடிந்ததும் கலைந்துவிடலாம். இங்கேயோ ஒரு கடவுள், அவருக்கு ஒரு வீடு, வாசலில் கொடிமரம் போல வாகனத் தூண். தூணுக்குப் பக்கத்தில் தோண்டியபோது அதைவிடப் பழைய, நீள்வட்ட வடிவக் கோவிலின் அடித்தளமும் கிடைத்தது. ஆனால் வேள்வியும் போய்விடவில்லை. ராஜஸ்தானின் கோசுண்டிக் கல்வெட்டில் அசுவமேதம் செய்த ஒரு மன்னனே சங்கர்ஷணனுக்கும் வாசுதேவனுக்கும் கல்மதில் எழுப்புகிறான்.

அந்தத் தூணில் இன்னொரு வாக்கியம் இருக்கிறதாமே?

இருக்கிறது. மூன்று அமுத அடிகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் சொர்க்கம் சேரலாம் என்று சொல்லி, மூன்றையும் பெயர் சொல்கிறது: தமம், தியாகம், அப்பிரமாதம். அடக்கம், ஈகை, சோர்வின்மை. மகாபாரதத்தில் இதற்கு நெருங்கிய சுலோகம் உண்டு. தம்மபதமோ ‘அப்பமாதமே அமுத அடி’ என்று தொடங்கி ஒரு முழு அதிகாரத்தை இதற்கே வைத்திருக்கிறது. சாஞ்சியிலிருந்து ஒரு பிக்கு இறங்கிவந்து இந்த வரியைப் படித்திருந்தால், இதைத்தானே நாங்களும் சொல்கிறோம் என்று தலையாட்டியிருப்பார். அதற்காக இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. வாசுதேவனைத் தேவதேவன் என்பதை அவர் ஏற்கமாட்டார். சொல் பொது, முடிவு வேறு.

அப்படியென்றால் அன்று ‘இந்து மதம்’, ‘பௌத்த மதம்’ என்ற பிரிவே இல்லையா?

‘இந்து’ என்று யாரும் தங்களை அழைத்துக்கொள்ளவில்லை, அது உறுதி. அசோகரின் கல்வெட்டுகள் ‘பிராமணர், சிரமணர்’ என்று சேர்த்தே சொல்லி, இருவருக்கும் மரியாதை செய்யுங்கள் என்கின்றன. பௌத்தரும் சமணரும் ஆசீவகரும் சிரமணப் பக்கம். ஆனால் பிரிவு நன்றாகவே உறைத்திருக்கிறது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் இலக்கணக்காரர் பதஞ்சலி, ஓயாத பகைக்கு எடுத்துக்காட்டாகப் பாம்பும் கீரியும் வரும் இடத்தில், சிரமணரையும் பிராமணரையும் சொல்கிறார்.

சாஞ்சியின் கிழக்கு வாயிலும் இதில் பக்கம் சார்ந்ததுதான். உருவேலாவின் காசியப சகோதரர்கள் சடைமுடிப் பிராமணத் துறவிகள், தீ வளர்ப்பவர்கள். அவர்களுடைய அக்கினிச்சாலையில் இருந்த பாம்பைப் புத்தர் அடக்குகிறார், அவர் சம்மதமில்லாமல் விறகு பிளக்கவில்லை, தீ பற்றவில்லை. வெள்ளத்தில் அவர் நடக்கிறார், காசியபர் படகில் துரத்திப் பார்க்கிறார். கடைசியில் அவர்கள் சீடர்களாகிறார்கள். உங்கள் தீயைவிட எங்கள் ஆள் பெரியவர் என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். குருமார்களின் போட்டி நிஜம். கொடை கொடுத்த குடும்பம் அந்தப் போட்டியை வீட்டுக்குள் கொண்டுபோனதா என்றால், பெயர்களைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

புஷ்யமித்திர சுங்கன் பௌத்தர்களைக் கொன்றான் என்கிறார்களே?

மௌரியருக்கு அடுத்து ஆண்ட அவனைப் பற்றி அசோகாவதானம் என்ற பௌத்தக் கதைநூல் அப்படிச் சொல்கிறது. ஒரு பிக்குவின் தலைக்கு நூறு தீனாரம் தருவேன் என்றானாம். ‘தீனாரம்’ ரோம நாணயப் பெயரிலிருந்து வந்த சொல். கதை அவன் காலத்துக்கு வெகுவாகப் பின்னால் எழுதப்பட்டது என்பதை அதுவே காட்டிக்கொடுக்கிறது. அதேநேரம் எல்லாமே கட்டுக்கதை என்று தள்ளவும் வேண்டாம். ஆனால் சுங்கர் ஆட்சி நடந்த அதே நூற்றாண்டில், அவர்களுடைய நகரமான விதிஷாவுக்குப் பக்கத்திலேயே, சாஞ்சி ஸ்தூபி இருமடங்காக வளர்ந்தது. கட்டியது சுங்க அரசர்கள் இல்லை, ஊர் மக்கள். தடுக்கவில்லை என்பதுவரை உறுதியாகச் சொல்லலாம்.

அசோகருக்கும் விதிஷாவுக்கும் திருமண உறவு உண்டா? இலங்கைக்கு என்ன தொடர்பு?

மகாவம்சத்தின்படி, உஜ்ஜயினிக்கு ஆளுநராகப் போன இளவரசர் அசோகர் வழியில் வேதிசாவில் தங்கி, ஒரு சேட்டியின் மகள் தேவியை மணந்தார். மகிந்தரும் சங்கமித்திரையும் அவர்கள் பிள்ளைகள். இலங்கைக்குப் புறப்படுமுன் மகிந்தர் தாயைப் பார்க்க வந்து, வேதிசகிரி விகாரையில் தங்கினார். அசோகரின் கல்வெட்டுகளில் இந்தக் கதை இல்லை. வேதிசகிரி என்பது சாஞ்சிதான் என்று சொல்வதும் ஊகமே.

ஆனால் இதே நூலுக்குச் சாஞ்சி வேறொரு இடத்தில் சாட்சி சொன்னது. 1851-இல் கன்னிங்ஹாமும் மெய்சியும் இரண்டாம் ஸ்தூபியைத் திறந்தபோது, பேழைகளில் பல ஆசிரியர்களின் பெயர்கள் இருந்தன. மஜ்ஜிமர், காசபகோத்தர் என்ற இருவரும் அதில் உண்டு, காசபகோத்தர் இமயப் பகுதி முழுமைக்கும் ஆசிரியர் என்ற குறிப்போடு. இலங்கை நூல்கள் இமயத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் என்று சொல்லும் பெயர்கள் இவையே. மூன்றாம் ஸ்தூபியில் கிடைத்த பேழைகள் புத்தரின் இரு தலைமைச் சீடர்களான சாரிபுத்தர், மொக்கல்லானருடையவை. பேழை மூடிகளுக்குள் ‘ஸா’, ‘ம’ என்று மையால் ஓர் எழுத்து மட்டும்.

தூணில் சாபம் வெட்டியிருக்கிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. காகணாவ என்பது சாஞ்சியின் பழைய பெயர். அங்கிருந்து கல்லைப் பெயர்ப்பவனுக்கு ஐம்பெரும் பாதகம் செய்தவனுக்குரிய பாவம் சேரட்டும் என்று ஒரு கல்வெட்டு சொல்கிறது. தாயைக் கொல்வது, தந்தையைக் கொல்வது, ஞானம் பெற்ற துறவியான அருகதரைக் கொல்வது, புத்தரின் உடலில் ரத்தம் வரச் செய்வது, சங்கத்தைப் பிளப்பது. நம் ஊர்க் கோவில் கல்வெட்டில் ‘கங்கைக் கரையிலே காராம்பசுவைக் கொன்ற பாவத்திலே போவான்’ என்று வருமே, அதே சங்கதி.

சங்கத்தைப் பிளப்பதை அசோகரும் லேசாக விடவில்லை. தெற்கு வாயில் அருகே அவர் நட்ட தூணில், சங்கத்தைப் பிளக்கும் பிக்குவுக்கும் பிக்குணிக்கும் வெள்ளை உடுத்தி, விகாரைக்கு வெளியே குடியிருக்கச் செய்யுங்கள் என்று உத்தரவு. காவியைப் பிடுங்குவதுதான் தண்டனை. அந்தத் தூண் இன்று துண்டாகக் கிடக்கிறது. உள்ளூர் ஜமீந்தார் ஒருவர் கரும்பு ஆலைக்கு உருளையாக இருக்கட்டும் என்று உடைத்ததாக, பின்னாளில் சாஞ்சியைச் சீர்ப்படுத்திய ஜான் மார்ஷல் எழுதியிருக்கிறார். அவருக்குச் சாபம் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

குப்தர் காலத்தில் பௌத்தம் ஒதுக்கப்பட்டதா?

இந்த வட்டாரத்தில் அப்படித் தெரியவில்லை. இரண்டாம் சந்திரகுப்தன் காலத்தில், விதிஷாவை ஒட்டிய உதயகிரிக் குன்றில் வராக அவதாரத்தைப் பாறையில் ஆள் உயரத்துக்கு மேல் செதுக்கினார்கள். அங்கே ஒரு குகைக் கல்வெட்டின் ஆண்டு கி.பி. 401-02. இன்னொரு குகையை அரசனோடு வந்த அமைச்சர் வீரசேனன் சிவனுக்குக் குடைந்தார். அதே அரசனிடம் பணி செய்த ஆம்ரகார்தவன் 412-13-இல் சாஞ்சிக்கு ஒரு கிராமத்தையும் 25 தீனாரமும் கொடுத்து, அதில் ஐந்து பிக்குகளுக்குச் சோறும் ஒரு விளக்கும் என்று கல்வேலியில் எழுதி வைத்தான். 425-இல் உதயகிரியில் சமணருக்கும் ஒரு குகைக் கல்வெட்டு. சாஞ்சியின் 17-ஆம் எண் கோவிலும் இக்காலத்தது. தட்டைக் கூரை, ஒரு கருவறை, நான்கு தூண் முன்மண்டபம். பிற்கால இந்துக் கோவிலின் ஆரம்ப வடிவத்தை ஒரு பௌத்தக் கோவிலில் பார்க்கிறோம்.

பிறகு எப்படி மறந்துபோனது?

12, 13-ஆம் நூற்றாண்டோடு கட்டட வேலை நின்றுபோகிறது. ஆதரித்த வணிகமும் அரசும் வேறு பக்கம் போயின, காடு மூடியது. 1818-இல் ஜெனரல் டெய்லர் பார்த்தபோது மூன்று வாயில்கள் நின்றுகொண்டுதான் இருந்தன. கெடுதல் அப்புறம்தான்: 1822-இல் புதையல் தேடும் ஆசையில் ஸ்தூபியைப் பிளந்தார்கள், மேற்கு வாயிலும் சாய்ந்தது. மார்ஷல் 1912 முதல் 1919 வரை நின்று சீர்ப்படுத்தினார், போபால் பேகம் சுல்தான் ஜகான் பணம் கொடுத்தார். உபயதாரர் பட்டியலில் ஒரு முஸ்லிம் அரசியின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்றும் வழிபாடு நடக்கிறதா? எப்போது போகலாம்?

லண்டனுக்குப் போயிருந்த சாரிபுத்த, மொக்கல்லான தாதுக்கள், அதாவது பேழையில் இருந்த எலும்புத் துணுக்குகள், 1947-இல் இலங்கைக்கு வந்து, 1952-இல் சாஞ்சியில் கட்டிய சேதியகிரி விகாரைக்குத் திரும்பின. நவம்பர் கடைசி ஞாயிறை ஒட்டி அவற்றை வெளியே எடுத்துத் தரிசனத்துக்கு வைப்பார்கள். இலங்கையிலிருந்து நிறையப் பேர் வருவார்கள், கூட்டம் ஆகாது என்பவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம்.

ஒரே நாளில் பார்ப்பதென்றால் காலையில் சாஞ்சி, மாலையில் உதயகிரியும் பேஸ்நகர்த் தூணும். சாஞ்சியில் வாயில் சிற்பங்களில் எல்லாரும் நேரத்தைச் செலவழித்துவிடுகிறார்கள். கல்வேலியின் தூண்களையும் குறுக்குச்சட்டங்களையும் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மெல்லிய கோடாகத் தெரியும் எழுத்தில், கடைசி இரண்டும் எங்கும் ஒரே மாதிரி இருக்கும். அதைப் படிக்க இப்போது உங்களுக்கும் தெரியும்.